நான்காவது வாக்குச் சீட்டு எங்கே?

ஆண்டுகள் எல்லாம் ஒரே நிறையுடையன அல்ல. சில ஆண்டுகள் வந்த சுவடும் போன சுவடும் தெரியாமல் பழைய பஞ்சாங்கத்தோடு மறைந்து விடுகின்றன. சில ஆண்டுகள் நாட்டின் முகத்தையே மாற்றி வைத்துவிட்டுப் போகின்றன. 2024ஆம் ஆண்டு இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது என்பதை அரசியல் அறிந்த எவரும் மறுக்கார். 1948 முதல் எழுபத்தாறு ஆண்டுகளாக இந்நாட்டை மாறி மாறி ஆண்டு வந்த பழைய கட்சிகளும், அவற்றின் வயிற்றிற் பிறந்த புதிய கட்சிகளும் அந்த ஓர் ஆண்டில் மூலையில் ஒதுக்கப்பட்டன. துப்பாக்கி முழங்கவில்லை, ஊரடங்கு ஆட்சி செய்யவில்லை. வாக்குச் சீட்டில் இடப்பட்ட புள்ளடி அந்த வேலையைச் செய்து முடித்தது. குடியாட்சியில் நம்பிக்கை உடையோர் யாவரும் அதனைக் கண்டு மகிழவே வேண்டும். நாமும் மகிழ்கிறோம்.

மகிழ்ச்சி ஒருபுறம் இருக்க, கணக்கு ஒருபுறம் இருக்கிறது. அந்தக் கணக்கைப் படுவான்கரையில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2025 மே 6ஆம் நாள் உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து சில தினங்கள் சென்றபின், கொக்கட்டிச்சோலையில் முதிய போடியார் ஒருவர் வழியில் நம்மை நிறுத்தினார். தலைமுறை தலைமுறையாக வேளாண்மை செய்த குடும்பம்; மாட்டுப் பட்டியும் உண்டு.

“தம்பி, எட்டு மாசத்துக்குள்ள மூணு தரம் புள்ளடி போட்டுட்டம். எங்கட வாய்க்காலையும் மேய்ச்சல் தரையையும் பார்க்கிற சபைக்கு எப்ப போடுற?” என்று கேட்டார்.

“அதற்கு இன்னும் நாள் குறிக்கவில்லை, போடியார்” என்றோம்.

“நாள் வைக்காத கலியாணத்துக்குப் பந்தலப் போட்டுட்டு எத்தின வருசம் தம்பி காத்திருக்கிற?” என்றார் அவர்.

சட்டம் படித்த நமக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. சொல்ல இயலாமற் போனதேன் என்பதை விளக்கவே இத்தனை வரிகளும் எழுத நேர்ந்தது.

ஓராண்டின் கணக்கு

2024இன் நிகழ்ச்சிகளை முதலில் வரிசைப்படுத்திக் கொள்வோம்.

ஜனவரி 21ஆம் நாள் இலங்கைத் தமிழரசுக் கட்சி தன் தலைவரைத் திருகோணமலையில் வாக்கெடுப்பினால் தேர்ந்தது. அடுத்த மாதமே அந்தத் தேர்வு நீதிமன்றப் படியேறியது. ஜூன் 30ஆம் நாள் இரா. சம்பந்தன் அவர்கள் தமது 91ஆம் வயதில் மறைந்தார். ஒரு தலைமுறையின் அரசியல் அவரோடு முடிந்தது. செப்டெம்பர் 21ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. முதற் கணக்கில் 42.31 வீத வாக்குப் பெற்ற அநுர குமார திசாநாயக்க, வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டபின் வெற்றி பெற்றார். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற நமது மாவட்டத்தின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன் 226,343 வாக்குகள் பெற்றார். தமிழரசுக் கட்சியின் மத்திய குழுவோ சஜித் பிரேமதாசாவை ஆதரிக்குமாறு கூறியிருந்தது. மட்டக்களப்பில் முதலிடம் பெற்றவரும் அவரே. ஒரு வீட்டிலிருந்து இரண்டு குரல்கள் கேட்டதால், எந்தக் குரலுக்குச் செவிசாய்ப்பது என்று நமது வாக்காளன் திகைத்தான்.

நவம்பர் 14ஆம் நாள் பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பெற்றது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் திருகோணமலையிலுங்கூட அக்கட்சியே முதலிடம் பெற்றது. நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் வேறொரு கட்சி முதலிடம் பெற்றது மட்டக்களப்பில் மட்டுமே. இங்கே ஐந்தில் மூன்று ஆசனங்கள் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தன. இதனைச் சொல்லிப் பெருமைப்படுவோர் உண்டு. பெருமை வேண்டியதே. ஆனால் தனித்து நிற்பவனுக்குப் பெருமையினும் பொறுப்பே அதிகம் என்பதை அவர்கள் மறவாதிருப்பாராக.

அந்த நவம்பர் 14ஆம் நாளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சரியாக முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன், 1987 நவம்பர் 14ஆம் நாள், மாகாண சபைகளை உண்டாக்கிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சபாநாயகரின் சான்று பெற்றுச் சட்டமானது. அந்த ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி மாதக் கடைசியில், இக் கொக்கட்டிச்சோலை மண் இரத்தத்தால் நனைந்திருந்தது. நான்கு ஆண்டு கழித்து 1991 ஜூன் 12ஆம் நாளில் மறுபடியும் நனைந்தது. பாராளுமன்றத்துக்கு ஆளைத் தேர்ந்தனுப்பிய அந்த நாளில், மாகாணத்துக்கு ஆளைத் தேரும் உரிமை காகிதத்தில் முப்பத்தேழு வயதை எய்தியிருந்தது. நடைமுறையிலோ உயிரற்றுக் கிடந்தது. கிழக்கு மாகாண சபைக்கு இறுதியாக வாக்களித்தது 2012 செப்டெம்பர் 8ஆம் நாளில். அச்சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. 2024 முடிந்தபோதும், 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும், மாகாணத் தேர்தலுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கவில்லை.

கச்சான் விளையும் நாட்டில்

தேர்தலைத் தள்ளிவைக்கும் ஆசை ஆட்சியாளருக்கு எல்லா நாட்டிலும் உண்டு. அந்த ஆசைக்கு யார் அணை போடுகிறார்கள் என்பதிலேதான் நாட்டுக்கு நாடு வேறுபாடு. அதே 2024இல் மேற்கு ஆபிரிக்காவிலே செனகல் என்னும் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். கச்சானும் நெல்லும் விளையும் நாடு. பிரான்சிடமிருந்து 1960இல் விடுதலை பெற்றது. அயல்நாடுகள் பல படைத்தலைவர் கைக்கு மாறியபோதும் படையாட்சியைக் காணாத நாடு.

அங்கே 2024 பெப்ரவரி 25ஆம் நாள் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற இருந்தது. மூன்று வாரம் இருக்கையில், பெப்ரவரி 3ஆம் நாள், ஜனாதிபதி மக்கி சால் தேர்தலை ஒத்திவைத்தார். இரண்டு நாட்களில் அந்நாட்டுத் தேசிய சபை, எதிர்க்கட்சி உறுப்பினரைக் காவற்படை வெளியேற்றியபின், தேர்தலை டிசெம்பருக்குத் தள்ளிச் சட்டம் இயற்றியது. மக்கள் வீதிக்கு வந்தனர், உயிர்களும் போயின. பெப்ரவரி 15ஆம் நாள் அந்நாட்டின் அரசியலமைப்பு மன்றம் கூடி, அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அடித்து வீழ்த்தியது. ஜனாதிபதியின் கட்டளையையும் இல்லாததாக்கியது. மார்ச் 24ஆம் நாள் தேர்தல் நடந்தது. பத்து நாள் முன்பு வரை சிறையில் இருந்த பஸ்ஸிரு ஜோமாய் ஃபாய் என்னும் 44 வயது இளைஞர் 54 வீத வாக்குப் பெற்று நாட்டின் தலைவரானார். நமது பாராளுமன்றத் தேர்தலுக்கு மூன்று நாள் கழித்து, நவம்பர் 17ஆம் நாள், அவருடைய கட்சி அந்நாட்டுச் சபையின் 165 ஆசனங்களில் 130ஐ வென்றது.

இரு நாடுகளின் கதையும் ஒன்றுபோல் இருப்பது வியப்பே. இரு நாட்டிலும் பழையவர் வீழ்ந்தனர். புதியவர் பெருவெள்ளம்போல் வந்தனர். ஆயினும் அங்கே தள்ளிவைத்த தேர்தல் அடுத்த மாதமே நடந்தேறியது. இங்கே தள்ளிவைத்த மாகாணத் தேர்தல் ஏழாண்டு கடந்தும் நடைபெறவில்லை. காரணம் யாது? அங்கே சட்டமன்றம் தவறு செய்தால், இயற்றிய பின்னும் அச்சட்டத்தைத் தடுக்க ஒரு மன்றம் உண்டு. இங்கே நமது அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை, சட்டமாகிவிட்ட ஒன்றை எந்த நீதிமன்றமும் கேள்விக்கு உட்படுத்தலாகாது என்று வாயை அடைத்து வைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் நமது நோயின் மூலம் விளங்கும்.

நீதிமன்றம் அவிழ்த்த முடிச்சு

நமது நீதிமன்றங்களைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. தேர்தலைத் தள்ளியது நிர்வாகமாயிருந்தபோது அவை துணிவுடன் தடுத்ததுண்டு.

1998 ஓகஸ்டில் நடக்கவேண்டிய ஐந்து மாகாண சபைகளின் தேர்தல் அவசரகாலப் பிரகடனத்தைக் காட்டி நிறுத்தப்பட்டது. இரு பத்திரிகையாளர் வழக்குத் தொடுத்தனர். 1999 ஜனவரியில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பு எழுதினார். வாக்களிப்பதும் கருத்தை வெளியிடும் ஒரு முறையே. ஆதலின் வாக்கைத் தடுப்பது பேச்சுரிமையைத் தடுப்பதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்வாண்டு ஏப்ரலில் அத்தேர்தல்கள் நடைபெற்றன.

இருபத்தைந்து ஆண்டு கழித்து அதே மரபு மீண்டும் ஒலித்தது. 2023 மார்ச் 9ஆம் நாளுக்குக் குறித்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியில் பணமில்லை என்ற சாட்டில் நடைபெறாது போயிற்று. 2024 ஓகஸ்ட் 22ஆம் நாள், ஐந்து நீதியரசர் அடங்கிய உயர் நீதிமன்ற ஆயம், நிதியமைச்சராகவும் இருந்த அன்றைய ஜனாதிபதியும் தேர்தல் ஆணைக்குழுவினர் முதலானோரும் குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்று தீர்த்தது. அதன் விளைவே 2025 மே மாதத் தேர்தல். அந்த வழக்கைத் தொடுத்தவர்களுள் தேசிய மக்கள் சக்தியினரும் இருந்தனர் என்பதை வாசகர் குறித்துக்கொள்க. அன்று நீதி கேட்டு வாயிலில் நின்றவர்கள் ஒரு மாதத்தின் பின் சிம்மாசனத்தில் அமர்ந்தார்கள். வாயிலில் நின்றபோது பேசிய நீதியைச் சிம்மாசனத்திலும் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பது குற்றமாகுமா?

பாராளுமன்றம் போட்ட முடிச்சு

இனி நமது முடிச்சுக்கு வருவோம். இது கச்சேரிகளில் விழுந்த முடிச்சன்று. பாராளுமன்றத்திலேயே போடப்பட்ட முடிச்சு.

2017ஆம் ஆண்டில், எல்லா மாகாணத் தேர்தலையும் ஒரே நாளில் நடத்துவதற்கென்று அரசியலமைப்பின் இருபதாம் திருத்தச் சட்டமூலம் ஒன்று கொண்டுவரப்பட்டது. ஆயுள் முடியும் சபைகளை அது நீட்டி வைக்கும். மக்களின் இறைமையைத் தொடும் அம்மசோதாவுக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உரைத்தது. முன்வாயில் அடைபட்டது. அத்தீர்மானம் பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்ட அதே வாரத்தில் பின்வாயில் திறக்கப்பட்டது. பெண் வேட்பாளருக்கு இடமளிக்கும் நல்ல நோக்கத்தோடு வந்த வேறொரு மசோதாவில், குழுநிலையில், பக்கம் பக்கமாகத் திருத்தம் நுழைக்கப்பட்டது. விகிதாசார முறை போய்க் கலப்பு முறை வந்தது. அதற்குப் புதிய தொகுதி எல்லை வேண்டியதாயிற்று. எல்லை வகுக்கப்படும் வரை தேர்தல் இல்லை என்றாயிற்று. 2017இன் 17ஆம் இலக்கச் சட்டம் என்பது அதுவே.

எல்லை வகுத்த அறிக்கை 2018 ஓகஸ்ட் 24ஆம் நாள் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக விழுந்த வாக்குகள் எத்தனை? ஒன்றுமில்லை. எதிராக 139. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே அதற்கு எதிராகக் கையுயர்த்தினார். பின்பு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு அமைந்தது; இரண்டு மாதத்தில் அறிக்கை தரவேண்டும் என்பது சட்டம். அறிக்கை வரவேயில்லை. பழைய முறை இறந்தது. புதிய முறை பிறக்கவில்லை. 2019 முடிவதற்குள் ஒன்பது மாகாண சபைகளும் உறுப்பினரின்றி வெறும் கட்டடங்களாயின.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். 2017இல் அந்தச் சட்டத்துக்குக் கையுயர்த்தியவர்கள் சிங்களப் பிரதிநிதிகள் மாத்திரம் அல்லர். தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதிகளும் ஆதரித்தே வாக்களித்தனர். அன்றைய அரசாங்கம் புதிய அரசியலமைப்பைத் தரப்போகிறது என்ற நம்பிக்கை அவர்கள் கண்ணை மறைத்தது. கிடைக்கப்போவதை எண்ணிக் கையிலிருந்ததை விட்டோம். கிடைக்கவிருந்ததும் வரவில்லை, கையிலிருந்ததும் போயிற்று. பிறரைச் சாடும் பேனை நம்மவர் பிழையைக் கண்டு மை வற்றிப் போகுமாயின் அதனை ஒடித்தெறிவதே மேல்.

மாடு யாருடையது? மேய்ச்சல் யாருடையது?

“சபை இல்லாமற் போனால் என்ன? வானம் பெய்கிறது, வயல் விளைகிறது” என்பார் உண்டு. அவரை மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் போய்வருமாறு வேண்டுகிறோம்.

கிரான், செங்கலடிப் பிரதேசங்களுக்கு அப்பால் பரந்து கிடக்கும் அந்தப் புல்வெளியிலே நமது பண்ணையாளர் தலைமுறை தலைமுறையாகப் பட்டி வைத்து வந்தனர். பெரும்போகத்தில் வயலெல்லாம் பயிர் நிற்கும்போது மாடுகளை அங்கே சாய்ப்பதும், அறுவடை முடிந்தபின் கொண்டு வருவதும் மட்டக்களப்பு வேளாண்மையின் ஒழுங்கு. வயலும் பட்டியும் ஒன்றையொன்று தாங்குவன. அந்தத் தரையில் வெளி மாவட்டத்தார் வந்து பயிர் செய்யத் தொடங்கினர். மாடுகள் சுடப்பட்டும், வெட்டப்பட்டும், மின்கம்பியில் சிக்கியும் மடிகின்றன என்று பண்ணையாளர் முறையிட்டனர். முறையீடு பயனற்றபோது 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து போராடத் தொடங்கினர். 2024 செப்டெம்பரில் நாட்டுக்குப் புதிய ஜனாதிபதி தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவர்களுடைய போராட்டத்துக்கு ஓராண்டு நிறைந்திருந்தது.

அவர்கள் யாரிடம் போவார்கள்? மாட்டுக்கு மருந்து கொடுப்பது மாகாணத்தின் கால்நடைத் திணைக்களம். மாடு மேயும் தரை 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆன மகாவலி அதிகார சபையின் கையில். மாட்டைச் சுட்டவனைப் பிடிக்கவேண்டியது மத்திய அரசின் பொலிஸ். மருத்துவர் ஒரு வாயில், தரை ஒரு வாயில், சட்டம் ஒரு வாயில்! இம்மூன்று வாயிலையும் ஒரே நேரத்தில் தட்டுவதற்கு, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு விவசாய அமைச்சரேனும் மாகாணத்தில் இருந்தால், குரலாவது ஓரிடத்தில் திரண்டு ஒலிக்கும். 2015 முதல் 2017 வரை கிழக்கில் முஸ்லிம் முதலமைச்சரின் கீழ் விவசாயமும் கல்வியும் தமிழ் அமைச்சர் கையில் இருந்தன. அக்காலம் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார் என்றே சொல்கிறோம்.

சட்டத்தின் சொல்லையும் பாருங்கள். பதின்மூன்றாம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையில் காணி பற்றிய பின்னிணைப்பு, மாகாணத்தில் உள்ள அரச காணியைப் பாராதீனப்படுத்துவது அம்மாகாண சபையின் ஆலோசனையோடு ஜனாதிபதியாற் செய்யப்படல் வேண்டும் என்கிறது. தேசியக் காணி ஆணைக்குழு ஒன்றை அரசாங்கம் நிறுவ வேண்டும் என்றும் கூறுகிறது. ஆணைக்குழுவோ 2024 முடிந்தபோதும் நிறுவப்பட்டிருக்கவில்லை. ஆலோசனை என்ற சொல்லின் வலிமையையும், 2013இல் சோலைமுத்து ராசு வழக்கில், அரச காணியின் ஆதிக்கம் மத்தியிடமே என்று கூறிய உயர் நீதிமன்றத் தீர்ப்புக் குறைத்துவிட்டது. மெத்த நன்று. ஆனால் வலிமை குறைந்த ஆலோசனை வேறு. ஆலோசனை சொல்ல வாயே இல்லாமை வேறு. சபை இல்லாத மாகாணத்தில் காணியைப் பகிர்வோர் யாருடைய ஆலோசனையைக் கேட்பர்? ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநர் ஜனாதிபதிக்கு ஆலோசனை கூறுவதானால், கண்ணாடி முன் நின்று தன்னோடு தானே பேசுவதற்கும் அதற்கும் பேதம் என்ன?

காணி மாத்திரமா? மாகாணப் பாடசாலைகள், ஆதார வைத்தியசாலைகள் பல, மாகாண வீதிகள், மாகாணத்துக்குள் அடங்கிய நீர்ப்பாசனம், உள்ளூராட்சி மன்றங்களின் மேற்பார்வை ஆகியன எல்லாம் மாகாணப் பட்டியலில் உள்ளவை. ஆண்டுதோறும் வரவுசெலவு போடப்படுகிறது. அதை விவாதிக்க ஒருவரும் இல்லை. நியதிச் சட்டம் இயற்ற ஒருவரும் இல்லை. 2024 நவம்பர்க் கடைசியில் பெருவெள்ளம் வந்தது. காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே உழவு இயந்திரம் வெள்ளத்திற் சிக்கி மத்ரசாச் சிறுவர்கள் மாண்டனர். கிழக்கெங்கும் பெரும்போகப் பயிர் நீரில் மூழ்கியது. சபை இருந்திருந்தால் வெள்ளம் வந்திராது என்று சொல்லும் பேதைமை நமக்கில்லை. ஆனால் வெள்ளம் வடிந்தபின் வடிகாலுக்கும் பாலத்துக்கும் ஒதுக்கிய பணம் எங்கே என்று எழுந்து நின்று கேட்கும் உரிமையுள்ள உறுப்பினர் ஒருவரும் மாகாணத்தில் இருக்கவில்லை. கொக்கட்டிச்சோலையார் 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை வாவியைக் கடக்கத் துறையிற் காத்திருந்தவர்கள். அதிகாரம் அக்கரையில் இருந்தால் இக்கரையில் என்ன நேரும் என்பதை அவர்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

மறுப்போர்க்கு மறுமொழி

நம்மவருள்ளே இருவகையார் இதனை மறுக்கின்றனர். முதல் வகையார், “மாகாண சபை ஒரு வெள்ளை யானை; வாகனமும் அலுவலகமும் உறுப்பினருக்கு, வரி மக்களுக்கு” என்கின்றனர். உண்மையில் ஒரு பங்கு அதில் உண்டு. ஆனால் யானையைக் கட்டித் தீனி போடுவது இன்றும் நடக்கிறது. மாகாணச் செயலகங்கள் இயங்குகின்றன, திணைக்களங்கள் இயங்குகின்றன, சம்பளம் போகிறது. பாகன் ஒருவன்தான் இல்லை. செலவு இருக்கும்போது கேள்வி கேட்பவனை மட்டும் மிச்சப்படுத்துவது சிக்கனமாகுமா?

இரண்டாம் வகையார் கொள்கையாளர். “பதின்மூன்றாம் திருத்தம் ஒற்றையாட்சிக்கு உள்ளே அடங்கியது, அதன்படி தேர்தலைக் கேட்டால் சமஷ்டிக் கோரிக்கையைக் கைவிட்டதாகும்” என்கின்றனர். அவர்களுடைய அச்சத்தை மதிக்கிறோம். 1957இல் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் பிரதேச சபைகளுக்குக் குடியேற்ற அதிகாரம் தருவதாகச் சொல்லியது. அடுத்த ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1965இல் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தம் மாவட்ட சபைகளை வாக்களித்தது, அவை வரவேயில்லை. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன, அதிகாரம் வரவில்லை. இத்தனை அனுபவத்தின்பின் ஐயம் எழுவது இயல்பே.

ஆயினும் வழக்கறிந்தவனாய் ஒன்று கேட்கிறோம். ஒரு கமக்காரனுடைய வயலுக்கு உறுதி வழக்கு நடக்கிறது. முழு நிலமும் தனக்கே உரியது என்று அவன் வாதாடுகிறான். தீர்ப்பு வரும் வரை, கையில் உள்ள துண்டு நிலத்தையும் விதைக்காமல் வரம்பை விட்டு வெளியேறுவானா? வெளியேறினால் எதிரி உள்ளே வந்து பலகாலம் ஆண்டு, ஆட்சி உரித்தையே தனதென்று காட்டிவிடுவான். உரிமை கோரி வழக்காடுவதும், கையில் உள்ளதை ஆண்டு பயிர் செய்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. சமஷ்டி நமது வழக்கு. மாகாண சபை நமது கையிலுள்ள துண்டு நிலம். வழக்கை நடத்துவோம், வரம்பை விடமாட்டோம்.

கிழக்கிலே இன்னொரு குரலும் கேட்கிறது. மூவினத்தார் வாழும் மாகாணத்தில் சபை வந்தால் யார் யாரை ஆள்வது என்ற ஐயம் அது. யாரும் யாரையும் தனித்து ஆள இயலாது என்பதே விடை. 2012இல் 37 உறுப்பினர் கொண்ட கிழக்குச் சபையில் எந்த ஒரு கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. சேர்ந்தே ஆளவேண்டும் என்று எண்கள் கட்டாயப்படுத்தின. சபை மூடிக் கிடக்கும் காலத்தில் தமிழனும் முஸ்லிமும் சிங்களவனும் தனித்தனியே ஆளுநர் வாயிலில் மனுக்கொடுக்கிறார்கள். சபை திறந்திருந்தால் ஒரே மேசையில் அமர்ந்து பேசியாக வேண்டும்.

இந்த இழப்பு நமக்கு மாத்திரம் உரியதுமன்று. அநுராதபுரத்துச் சிங்களக் கமக்காரனும் 2017 முதல் தன் மாகாண சபையை இழந்தவனே. அவனிடமும் இதைச் சொல்வோம். நமது நியாயம் அவனுக்கும் நியாயமாகும்போது அதற்குப் பலம் இரட்டிக்கும்.

செய்ய வேண்டியது யாது?

முடிச்சைப் போட்டது பாராளுமன்றம்; நீதிமன்றத்தின் கை அதனைத் தொடமாட்டாது; ஆதலின் பாராளுமன்றமே அவிழ்த்தல் வேண்டும். அதற்கு நீண்ட சட்டம் தேவையில்லை. பெண்களுக்கு இடமளிக்கும் பகுதியை வைத்துக்கொண்டு, எல்லை வகுப்பு முடியும் வரை பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்தலாம் என்று கூறும் சிறிய திருத்தம் ஒன்று போதும். 225 பேர் கொண்ட சபையில் 113 கைகள் உயர்ந்தால் அது நிறைவேறும். 2024 நவம்பரில் மக்கள் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்த கைகள் 159. நிறுத்தி வைக்கப்பட்ட மாகாண, உள்ளூராட்சித் தேர்தல்களை ஓராண்டுக்குள் நடத்துவோம் என்பது அவர்களுடைய 2024 தேர்தல் விஞ்ஞாபனத்தின் வாக்கு. கைகள் போதாமையைக் காரணம் காட்டும் வசதி முந்திய அரசாங்கங்களுக்கு இருந்தது. இவர்களுக்கு அந்த வசதியும் இல்லை.

ஆனால் கேளாத காதில் நியாயம் ஏறாது. செனகல் மக்கள் பெப்ரவரி 15ஆம் நாள் வரை வீட்டில் உறங்கிக் கிடக்கவில்லை. வீதியில் நின்றபடியேதான் தீர்ப்பை எதிர்பார்த்தார்கள். நமக்கும் செய்யத்தக்கவை உண்டு.

முதலாவது, கமக்காரர் அமைப்புகளும் பண்ணையாளர் சங்கங்களும் போக ஆரம்பக் கூட்டங்களில் தண்ணீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கும்போதே, மாகாணத் தேர்தலுக்கு நாள் கேட்டும் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புக. இரண்டாவது, ஆசிரியரும் வைத்தியரும் சட்டத்தரணிகளும் இது அரசியல்வாதிகளின் பதவிச் சண்டை என்று ஒதுங்கி நில்லற்க. தாம் பணிபுரியும் பாடசாலையும் வைத்தியசாலையும் மாகாணத்தின் சொத்து என்பதை ஊருக்கு எடுத்துரைக்க. மூன்றாவது, தமிழ்க் கட்சிகள் மற்ற எல்லாவற்றிலும் மாறுபடினும் இந்த ஒன்றிலாவது ஒரே காகிதத்தில் கையொப்பம் இடுக. முஸ்லிம் கட்சிகளையும் அழைத்துக் கையொப்பம் பெறுக. 2024இல் ஒரு வீட்டிலிருந்து இரண்டு குரல் கொடுத்து மக்களை மயக்கியது போதும். நான்காவது, மட்டக்களப்பில் வென்ற மூவரும், நாடெங்கும் வீசிய அலைக்கு எதிரே தம்மை நிறுத்தியவர்கள் மக்கள் என்பதை எண்ணி, ஒவ்வோர் அமர்விலும் இந்தக் கேள்வியை எழுப்புக. விடை வராவிடினும் கேள்வி ஹன்சாட்டிற் பதிவாகட்டும்.

எங்கள் ஊர்த் தான்தோன்றீச்சரத்திலே, பறங்கியர் காலத்தில் கல் நந்தி எழுந்து புல்லைத் தின்றது என்பது ஐதீகம். தெய்வத்தின் திருவிளையாடலில் கல்லும் எழும். காகிதத்தில் எழுதிய உரிமை அவ்வாறு தானாக எழுந்து நடவாது. அதை எழுப்புவது மக்களுடைய கை.

மறுமுறை அந்தப் போடியாரைக் காணும்போது, “நாள் குறித்தாயிற்று” என்று சொல்லவே விரும்புகிறோம். அதுவரை அவருடைய கேள்வியை இடைவிடாது கேட்டுக்கொண்டே இருப்போம். மூன்று வாக்குச் சீட்டுக்கள் தந்தீர்கள், நன்றி. நான்காவது எங்கே?